பென்சிலில் எழுதிய அளவுகள்

அந்த அம்மாளின் மேசையில் மைப்பேனா ஒன்றும் பென்சில் ஒன்றும் எப்போதும் சேர்ந்தே கிடக்கும். எதற்கு எது என்பதில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. தண்ணீரைச் சோதித்துக் கண்டதைப் பேனாவால் எழுதுவார். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில், இவ்வளவு வரைக்கும் இருக்கலாம் என்று அரசாங்கம் வைத்திருக்கும் அளவை எழுத வேண்டும். அதை மட்டும் பென்சிலால் எழுதுவார்.

அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்த முதல் வாரமே இது என் கண்ணை உறுத்தியது. அரசாங்கப் பதிவேட்டில் பென்சிலா? அப்போது நான் பதினைந்து வருஷம் சர்வீஸ் போட்ட எழுத்தர். பென்சில் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தச்சு ஆசாரிக்கும் உரியது என்பது என் கொள்கை.

“என்னம்மா, அரசாங்கம் வச்ச அளவையே அழிச்சிரலாம்னு பாக்கியளா?” என்று கேட்டேன்.

“நான் எதுக்கு அண்ணாச்சி அழிக்கேன்? அவியளே மாத்துவாவ” என்றார். “இன்னைக்கு நாம அளந்தது என்னைக்கும் மாறாது. அது மையில இருக்கட்டும். எல்லைங்கது நாம வச்சதுதானே. இன்னைக்கு நமக்கு இவ்வளவுதான் தெரியுது. நாளைக்கு இன்னும் கொஞ்சம் தெரியும். அப்போ அழிச்சிட்டு எழுதிக்கிடலாம்.”

எண்பதுகளின் தொடக்கம் அது. சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் கிளை அலுவலகம். ஆற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர், ஓடைத் தண்ணீர் எல்லாவற்றையும் சோதித்து மேலே எழுதி அனுப்புவது வேலை. ஓர் ஆபீசர், ஓர் எழுத்தர், ஓர் அட்டெண்டர், சோதனைக்கு அந்த அம்மாள். மொத்தம் நான்கே பேர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், “எதுக்கு அண்ணாச்சி அதெல்லாம்” என்று கோபித்துக்கொள்வார்.

பாளையங்கோட்டைக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டியிருப்பார். ஒயர் கூடையில் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு காலை பஸ்ஸில் இளையரசனேந்தல் பக்கமோ மேலநீலிதநல்லூர் பக்கமோ கிளம்பிவிடுவார். மத்தியானம் திரும்பும்போது பாட்டில்களில் தண்ணீரும் சேலைக் கரையில் சேறும் இருக்கும். வந்ததும் முகம் கழுவாமல் நேரே சோதனை அறைக்குள் போய்விடுவார். அந்த அறை முன்பு ஜவுளிக்கடைக்காரர் காலிப் பெட்டி போட்டு வைத்திருந்த இடம்.

பென்சில் பதிவேட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் வாழ்க்கையையே பென்சிலில்தான் எழுதிக்கொண்டிருந்தார். கத்தரிக்காய் அவருக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே தின்றால் உதடு அரித்துத் தடித்துவிடும். நாமாக இருந்தால் அத்தோடு அந்தக் காயைத் தலைமுழுகிவிடுவோம். அந்த அம்மாளோ வருஷா வருஷம் பொங்கல் கழிந்ததும் ஒரே ஒரு துண்டு தின்று பார்ப்பார். மறுநாள் உதடு வீங்கிய முகத்தோடு அலுவலகம் வருவார்.

“ஏம்மா இந்த வேண்டாத வேலை?”

“பத்து வயசுல ஆகாதுன்னு வச்சது அண்ணாச்சி. இப்பவும் ஆகாதான்னு யாரு சொல்லுவா? திரும்பப் பாத்தாத்தானே தெரியும்.”

இன்னொன்று தண்ணீர்ப் பானை. ஆபீசர் அறையில் தனியாக ஒரு மண்பானை இருந்தது. அதில் ஆபீசரைத் தவிர யாரும் குடிக்கக் கூடாது. நாங்களெல்லாம் மாடிப்படி முனையில் இருந்த பானையில்தான் குடிப்போம். நான் அங்கே சேர்ந்த நாளிலிருந்து இது நடைமுறை. ஏன் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை. மேலதிகாரிக்குத் தனிப்பானை என்பது சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி என்று இருந்துவிட்டேன்.

அந்த அம்மாள் ஒரு நாள் அட்டெண்டரைப் பிடித்துக்கொண்டார். “இது யாரு வச்ச வழக்கம்? எதுக்கு வச்சாவ?” அட்டெண்டர் என்னைவிடப் பழைய ஆள். தலையைச் சொறிந்து யோசித்துவிட்டுச் சொன்னார். பல வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆபீசருக்கு டைபாய்டு வந்ததாம். தன்னிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றிவிடக் கூடாது என்று அவரே தனக்குத் தனிப்பானை வைத்துக்கொண்டாராம். காய்ச்சல் தீர்ந்தது, மாற்றலாகிப் போனார், ஓய்வும் பெற்றுவிட்டார். பானை மட்டும் கௌரவத்தோடு நின்றுவிட்டது.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் ஆபீசர் நல்ல மனிதர். அவரும் சிரித்துவிட்டு அன்றே அந்தப் பானையைப் படிமுனைக்குக் கொண்டுபோகச் சொன்னார். அதன் பிறகு வருவோர் போவோருக்கெல்லாம் அங்கே இரண்டு பானைத் தண்ணீர் கிடைத்தது.

இனி என் பெருமையைச் சொல்ல வேண்டும். மேலிடத்திலிருந்து ஏதாவது விவரம் கேட்டு எழுதுவார்கள். விவரம் இல்லையென்றால் இல்லை என்றாவது பதில் அனுப்ப வேண்டும். அதற்கு இன்மை அறிக்கை என்று பெயர். எங்கள் அலுவலகத்திலிருந்து போகும் பதில்களில் பாதிக்கு மேல் இன்மை அறிக்கைதான். எழுதி எழுதிக் கை சலித்து, கோயில் வாசல் பக்கம் ஒரு கடையில் சொல்லி நானே ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்திருந்தேன். ‘விவரம் ஏதும் இல்லை. இதனை இன்மை அறிக்கையாகக் கொள்ளவும்.’ கடிதம் வந்த பத்தாவது நிமிஷம் ஸ்டாம்பு விழுந்து, ஆபீசர் கையெழுத்து வாங்கி, தபாலுக்குப் போய்விடும். என்னைப் போல வேகமான எழுத்தர் மாவட்டத்திலேயே இல்லை என்று ஒரு முறை பாராட்டுக்கூட வந்தது.

அப்படி வருகிற கடிதங்களில் ஒன்று, நீர்நிலைகளின் தர அளவுகளைத் திரும்பப் பார்ப்பது பற்றிய சுற்றறிக்கை. குளத்திலும் ஆற்றிலும் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அரசாங்கத்திடம் ஒரு பட்டியல் உண்டு. மக்கள் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்களோ அதற்குத் தக்க வகுப்பு. குடிக்க ஒன்று, குளிக்க ஒன்று, ஆடுமாடு மீனுக்கு ஒன்று, பாசனத்துக்கு ஒன்று. குடிக்கிற தண்ணீருக்கு எல்லை கடுமையாக இருக்கும், பாசனத்துக்குத் தளர்வாக இருக்கும். சில வருஷத்துக்கு ஒரு முறை இதையெல்லாம் திருத்துவார்கள். அதற்கு முன் எங்களைக் கேட்பார்கள். உங்கள் பக்கம் எந்தக் குளத்துக்காவது வகுப்பை மாற்ற வேண்டுமா, யாருக்காவது ஆட்சேபணை உண்டா, முப்பது நாளைக்குள் எழுதுங்கள் என்று. ஊர் முழுக்கத் தெரிய வேண்டிய விஷயம் அது. என் மேசைக்கு வந்து, என் ஸ்டாம்பு வாங்கி, என் மேசையோடு முடிந்துவிடும்.

ஒரு மாசி மாதம். பேச்சியம்மாள் என்று ஒரு பெண் தூக்குச்சட்டியோடு படியேறி வந்தாள். குருவிகுளம் போகிற பாதையில், கீழக்குளத்தின் கரையில் இருக்கிற சின்ன ஊர் அவளுக்கு. காட்டு வேலைக்குப் போகிறவள். மூடியைத் திறந்து அந்த அம்மாள் முன்னால் வைத்தாள். உள்ளே தண்ணீர், பால் விடாத ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தது.

“கொடத்துல கோரி வச்சா அடியில செவப்பா மண்டி நிக்கு. பிள்ளையளுக்கு மேலெல்லாம் சொறி. இதைக் குடிக்கவா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. வேற தண்ணின்னா ஒரு மைல் நடந்து பம்புசெட்டுக்காரர் கையைக் காலைப் பிடிக்கணும்.”

நானும் எட்டி அந்த நிறத்தைப் பார்த்தேன். அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் தறிக்காரர்களுக்கு நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுக்கும் பட்டறை ஒன்று ஓடைக்கரையில் இருந்தது. சாயத் தண்ணீர் ஓடையில் விழும், ஓடை கீழக்குளத்தில் போய்ச் சேரும். அந்தச் சாயப்பட்டறைக்காரன் என் மனைவியின் சொந்தத் தம்பி.

அந்த அம்மாள் தூக்குச்சட்டியைத் தொடவில்லை. அன்றே பேச்சியம்மாளோடு போய்க் குளத்திலிருந்து முறைப்படி பாட்டிலில் எடுத்து வந்தார். மறுநாள் சாயங்காலம் வரை சோதனை நடந்தது. நான் மெதுவாகப் போய்ப் பதிவேட்டை எட்டிப் பார்த்தேன். நிறம் என்ற வரியில் பேனாவால் ஒரு பெரிய எண். பக்கத்துக் கட்டத்தில் எல்லை இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு.

“கோடு எதுக்கும்மா?”

“எல்லை கிடையாதுன்னு அர்த்தம். இந்தக் குளம் பாசன வகுப்புல இருக்கு. பயிருக்கு நிறத்தைப் பத்தி என்ன? மத்த அளவெல்லாம் பாசன எல்லைக்குள்ளதான் இருக்கு. சட்டப்படி இந்தத் தண்ணி நல்ல தண்ணி அண்ணாச்சி.” பென்சிலை மேசையில் வைத்தார். “குடிக்கக் குளிக்க இதை விட்டா நாதியில்லாத குளத்தை யாரு பாசனம்னு எழுதுனாவ?”

பழைய காகிதக் கட்டை அவிழ்த்துத் தேடினார். ஐந்து வருஷத்துக்கு முந்தைய படிவம். கீழக்குளம், பயன்பாடு: பாசனம். எழுத்து முத்து முத்தாக இருந்தது. என் எழுத்து.

எப்படி எழுதினேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கிராமத்துப் பதிவேட்டு நகலை விரித்து வைத்துக்கொண்டு, நாற்காலியை விட்டு எழாமல் எழுதினேன். அதில் பாசனக் குளம், இத்தனை ஏக்கர் என்று இருக்கும். யார் குடிக்கிறார்கள், யார் குளிக்கிறார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஒரே மத்தியானத்தில் இருபது குளத்துக்கு எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

“குளத்தைப் பாத்தியளா அண்ணாச்சி?”

“ரிக்கார்டைப் பாத்தேன்.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அவரோ தன் பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, பின்னால் வருகிறவருக்கு என்று குறிப்பு எழுதும் இடத்தில் பென்சிலால் ஏதோ எழுதினார். அவர் எழுந்து போனதும் நான் கழுத்தை நீட்டிப் படித்தேன். ‘எதையும் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளவும். இந்த அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.’ எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினைந்து வருஷம் சர்வீஸ், மாவட்டத்திலேயே வேகமான எழுத்தர், ஆள் இல்லையாம்.

திரும்பி வந்து கேட்டார். “இந்த வகுப்பையெல்லாம் அடுத்து எப்போ திரும்பப் பாப்பாவ?”

சுற்றறிக்கை மூன்று வாரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. வழக்கம்போல ஸ்டாம்பு அடித்து அனுப்பியும் விட்டேன். இன்னும் ஒன்பது நாள் கெடு பாக்கி. இது அந்த அம்மாளுக்குத் தெரியாது. இப்போதுதான் போனது, இனி ஐந்து வருஷம் கழித்துத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. என் மச்சினனும் தப்பித்தான், நானும் தப்பித்தேன். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

அப்போது படிமுனையில் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள், முடிவு கேட்க வந்தவள். பானையில் மொண்டு ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொரு டம்ளர் குடித்தாள். பிறகு அட்டெண்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டுத் தன் தூக்குச்சட்டியிலும் நிரப்பிக்கொண்டாள். வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு. அந்த இடத்தில் எனக்கு வந்த வெட்கத்தை இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

“வந்துட்டும்மா. நான் இன்மை அறிக்கை அனுப்பிட்டேன். இன்னும் ஒன்பது நாள் இருக்கு” என்றேன்.

அந்த அம்மாள் முகம் மலர்ந்ததே பார்க்கலாம். நான் செய்த காரியத்தைக் கேட்டு மலர்ந்த ஒரே முகம் அதுதான். “ஒன்பது நாளா! அது போதுமே அண்ணாச்சி.” உடனே படிமுனைக்குப் போய், முடிந்த மட்டும் பம்புசெட்டுத் தண்ணீரையே குடிக்கும்படி பேச்சியம்மாளிடம் சொல்லி அனுப்பினார்.

நாள் மட்டும் போதாது என்று ஆபீசர் சொன்னார். அனுப்பிய அறிக்கையை மாற்ற வேண்டுமானால் அது தவறு என்றும், ஏன் தவறு என்றும் எழுத வேண்டும். அதில் தயாரித்தவனாக நான் கையெழுத்துப் போட வேண்டும். “வே, நீரா போயி மெமோவுக்குத் தலையைக் குடுக்கீரு, பாத்துக்கிடும்” என்றார். பார்த்துக்கொண்டேன், வேறென்ன செய்ய.

மறுநாள் முதல் பஸ்ஸில் நானும் அந்த அம்மாளும் கீழக்குளத்துக்குப் போனோம். பதவியேற்ற நாளிலிருந்து நான் நேரில் பார்த்த முதல் குளம். கரையில் ஒரு வாகை மரத்தடியில் உட்கார்ந்தோம். நான் குடையும் கொண்டுபோயிருந்தேன். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை யார் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள் என்று எழுத வேண்டும். அந்த அம்மாள் கையில் பேனா மட்டும்தான் இருந்தது.

“பென்சில் எங்கம்மா?”

“கண்ணால பாக்கதை எழுதுததுக்குப் பென்சில் எதுக்கு?”

வெயில் ஏறுமுன் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். ஓடை வந்து சேரும் தென்பக்கத்தை விட்டுவிட்டு வடகரைப் படியில் இறங்கி, குடத்தின் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டிக் கோரினார்கள். பம்புசெட்டுக்கு நடக்க முடியாத வீட்டுக்காரிகள். பிறகு காட்டு வேலைக்குப் போகிறவர்கள் குளித்தார்கள். பச்சைக் குழந்தையை ஒருத்தி காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். மாடு வந்தது, ஆடு வந்தது, துணி வந்தது. மடை மட்டும் மூடிக் கிடந்தது, அறுப்பு முடிந்திருந்தது. அன்றைக்கு முழுவதும் அந்தக் குளத்தில் நடக்காத ஒரே காரியம் நான் எழுதிய பாசனம்தான்.

பேச்சியம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு எங்களிடம் வந்தாள். “இங்கன உக்காந்து என்ன எழுதுதிய?”

“நீங்க குடிக்க எடுக்கியள்னு எழுதுதோம்” என்றார் அந்த அம்மாள்.

“அதையும் எழுதணுமாக்கும்? எங்க அம்மா காலத்துல இருந்து குடிக்கோம். உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாது” என்றேன் நான். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம்தான் இருந்தது.

செய்தி எப்படியோ ஊருக்குள் பரவி, நான்கு நாள் பாக்கி இருக்கும்போது என் மச்சினன் அலுவலகத்துக்கு வந்துவிட்டான். வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது, விரல் நகமெல்லாம் சாயம்.

“அத்தான், நீங்களே என் வயித்துல அடிக்கலாமா? நாளைக்கே பட்டறையை மூடச் சொன்னா என்கிட்ட வேலை பாக்கவன் எல்லாம் எங்க போவான்?”

அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னார். “மூடச் சொல்லி யாரும் எழுதலையே. உங்களுக்கு என்ன கஷ்டம்னு நீங்களும் எழுதுங்க. முப்பது நாள் கெடு உங்களுக்கும்தான்.”

“எனக்கு என்னம்மா எழுதத் தெரியும்?”

“சொல்லுங்க, நான் எழுதுதேன்.”

அரைமணி நேரம் சொன்னான். தண்ணீரைத் தேக்கித் தெளிய வைக்கக் குழி வெட்ட வேண்டும், அதற்கு இடம் கொஞ்சம்தான். சுண்ணாம்பு போட்டால் சாயம் அடியில் இறங்கும் என்று கேள்வி, அதைக் காட்டிக்கொடுக்க யாராவது வேண்டும். தறிக்காரர்களுக்குப் பண்டிகை நேரத்தில் வேலையை நிறுத்த முடியாது, ஆறு மாதமாவது தவணை வேண்டும். அத்தனையையும் அவன் வார்த்தையிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். சண்டைக்கு வந்தவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

எனக்குத் தாங்கவில்லை. “என்னம்மா இது, எதிராளிக்கு நீங்களே மனு எழுதிக் குடுக்கிய?”

“எதிராளி யாரு அண்ணாச்சி? அவரு கஷ்டத்தைக் கேக்காம எல்லையை வச்சா, யாரும் பாக்காத நேரமா அவரு தண்ணியைத் திறந்து விட்டுருவாரு. குடிக்கவங்களையும் கேட்டு, திறந்து விடுதவரையும் கேட்டு வச்சாத்தான் அந்த எல்லை நிக்கும். இதுக்குத்தானே திரும்பப் பாக்கதுன்னு ஒண்ணு வச்சிருக்கு.”

எங்கள் அறிக்கையும் அவன் ஆட்சேபணையும் ஒரே உறையில் கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்தன. எனக்கு மெமோ எதிர்பார்த்தபடி வந்தது. முன்பு தவறான பயன்பாட்டைக் குறிப்பிட்டதற்குக் காரணம் என்ன என்று கேட்டிருந்தார்கள். ‘குளத்தைப் பார்க்காமல் எழுதினேன்’ என்று ஒரே வரியில் விளக்கம் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு விளக்கத்தைப் பார்த்ததில்லை என்று ஆபீசர் சொன்னார். மேலே படித்தவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் திருத்திய பட்டியல் வந்தது. கீழக்குளம் பாசன வகுப்பிலிருந்து ஏறியிருந்தது. இனி அதன் தண்ணீர், குளிக்கலாம், சுத்திகரித்தபின் குடிக்கலாம் என்கிற அளவுக்கு இருக்க வேண்டும். பட்டறைக்கு ஆறு மாதத் தவணை, சுண்ணாம்புக் குழி வெட்டும் முறையைக் காட்டிக்கொடுக்க ஓர் ஆள். என் மச்சினன் கேட்டது அப்படியே கிடைத்திருந்தது. அந்த அம்மாள் பதிவேட்டை விரித்து என் பக்கம் தள்ளி ரப்பரை நீட்டினார்.

“நீங்களே அழிங்க அண்ணாச்சி.”

நிறத்துக்கு நேரே இருந்த அந்தச் சின்னக் கோட்டை அழித்தேன். ஊதிவிட்டு, பென்சிலால் அங்கே ஓர் எண்ணை எழுதினேன். பதினைந்து வருஷம் மையில் எழுதிக் குவித்ததில் எனக்கு அந்தச் சந்தோஷம் கிடைத்ததில்லை.

என் மச்சினன் முணுமுணுத்துக்கொண்டேதான் குழி வெட்டினான். அதற்கடுத்த மழையில் குளம் நிரம்பியபோது தண்ணீர் மண் நிறத்தில் இருந்தது. மண் நிறம் என்பது எவ்வளவு நல்ல நிறம் என்று அன்று தெரிந்துகொண்டேன். அந்த அம்மாளுக்கு மட்டும் முழுத் திருப்தி இல்லை. “சுத்திகரிச்சுத்தான் குடிக்கணும்னு வச்சிருக்காவ. பேச்சியம்மா ஊர்ல சுத்திகரிக்க என்ன இருக்கு, வேட்டித் துணியா? நேரா குடிக்க வகுப்புக்கு ஏத்தணும். இல்லேன்னா குழாயாவது வரணும். அடுத்த தடவை எழுதணும்” என்றார்.

அடுத்த தடவைக்கு அவர் இல்லை. வடக்கே தூரத்து மாவட்டத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. போகிற வருஷமும் கத்தரிக்காய் தின்று பார்த்தார். உதடு வீங்கத்தான் செய்தது, ஆனால் முன்னைக்கு இப்போது குறைவு என்று சொல்லி மகிழ்ந்துகொண்டார். பதிவேட்டை அலமாரியில் வைத்துச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ரயிலேறினார். அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. சோதனை அறையில் மறுபடியும் ஜவுளிக்கடைப் பெட்டிகள் ஏறின.

ஐந்து வருஷம் ஆனது. சுற்றறிக்கை வந்தது. புது ஆபீசர் நல்ல சுறுசுறுப்பு. “அண்ணாச்சி, நம்ம பக்கம் சோதிக்க ஆளே இல்ல, வழக்கம்போல இன்மை அறிக்கை அடிச்சிருங்க” என்றார். பழக்கம் எங்கே போகும்? என் கை தானாக மேசை டிராயரைத் திறந்து ஸ்டாம்பை எடுத்துவிட்டது. தற்போதைய வகுப்பைக் குறிப்பிட வேண்டியிருந்ததால் அலமாரியைத் திறந்து அந்தப் பதிவேட்டை எடுத்தேன்.

முதல் பக்கம் விரிந்தது. என்னைக் கொதிக்க வைத்த அந்த வரி அழிக்கப்பட்டிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ‘ஆள் இல்லை’ என்று அழுந்திய தடம் மட்டும் தெரிந்தது. அதன்மேல் பென்சிலால் புதிதாக எழுதியிருந்தார்: ‘கீழக்குளத்தைப் பற்றி எழுத்தர் அண்ணாச்சியைக் கேட்கவும். நேரில் போய்ப் பார்ப்பவர்.’ கீழே, சிறிய எழுத்தில், ‘இன்றைய நிலவரப்படி.’

திரும்பவும் ஒரு முறை படித்தேன். கண் கலங்கிவிட்டது. பென்சில்தானே, அழிவதற்கு ரப்பர் தேவையில்லை, என் ஸ்டாம்பு ஒரு முறை விழுந்தால் போதும். ஸ்டாம்பை டிராயரில் போட்டு மூடிவிட்டு ஆபீசரிடம் போய் மறுநாள் வெளிவேலை என்று சொன்னேன்.

விடியும்போது குடையோடு கீழக்குளத்து வாகை மரத்தடியில் இருந்தேன். தண்ணீரில் ஆகாயம் தெரிந்தது. பேச்சியம்மாள் தலையில் நரை விழுந்திருந்தது. அவளோடு மருமகளும் குடத்தோடு வந்தாள். படியில் இறங்கின பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“என்ன, மறுபடியும் எழுத வந்தியளா? அந்த அம்மா வரலையா?”

“அந்த அம்மா வேற ஊருக்குப் போயிட்டாவ. நான்தான் வந்திருக்கேன். இப்ப எதுக்கு எடுக்கியம்மா தண்ணி?”

“இது என்ன கேள்வி? குடிக்கத்தான்.”

தாளைத் தொடையில் வைத்துக்கொண்டேன். சட்டைப் பையில் பேனாவும் பென்சிலும் இருந்தன. கண்ணால் பார்ப்பதாயிற்றே. பேனாவை எடுத்து மூடியைத் திருகி, ‘குடிக்க’ என்று முதல் வரியை எழுதினேன்.